ஓடுகிற இயந்திரத்தைக் கண்டு பயந்த மைமூன்

மைமூனின் எண்ணிலிருந்துதான் அழைப்பு வந்தது. திரையில் அவர் பெயரைப் பார்த்துவிட்டு, எடுத்தவுடன் "சொல்லுங்க மைமூன்" என்றேன். மறுமுனையில் அவர் மகள் ரேஷ்மா. "அங்கிள், உம்மா நஹீ ரஹீ," என்றாள். பிறகு தமிழில், "உம்மா போயிட்டாங்க" என்றாள். மதியம் தாராவிக் கடையில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து வைத்து வேலை செய்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. மாலை மக்ரிப் தொழுகைக்குப் பின் அடக்கம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

துக்கம் வருவதற்கு முன்னால் எனக்குப் பயம் வந்தது. அவரை அறிந்தவர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன். ஒரு வழக்கில் நீதிமன்றத்துக்கு வந்து அவர் சொல்லவேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அவர் சொல்லாவிட்டால், தைரியத்தைத் திரட்டி ஒரே ஒரு முறை பேசிய ஒரு பெண்ணின் குரல் யாருக்கும் கேட்காமல் போய்விடக்கூடும்.

தாராவியில் தோல் பை பட்டறைக்கு மேலே, இரும்பு ஏணி ஏறிப் போகும் அறைதான் மைமூனின் கடை. கடையநல்லூர்க் குடும்பம், பிறந்து வளர்ந்தது இங்கே மும்பையில். மாட்டுங்காவில் பி.காம். படித்து, சில காலம் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்குப் பார்த்து, அங்கே கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்தவர்களைப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டவர். கல்யாண வீடியோ வெட்டுகிறவர்கள், பாட்டு ரெக்கார்டிங் செய்கிறவர்கள், அச்சகத்துக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுப்பவர்கள் என்று நம்மில் பலர் அவர் பூட்டிக் கொடுத்த பெட்டியில்தான் இன்றைக்கும் வேலை செய்கிறோம். ஏணியில் கால் வைத்ததும் மேலிருந்து வரும் குரலை யாரும் மறந்திருக்க முடியாது: "பாத்து ஏறுங்க. விழுந்தா உங்களுக்கு ஸ்பேர் பார்ட் எங்கிட்ட கெடையாது!"

ஒருநாள் நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது கோவண்டியிலிருந்து ஒரு வீடியோக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"எப்ப சாவுது?" என்று கேட்டார் மைமூன்.

"எப்ப வேணா சாவுது அக்கா."

"எப்ப வேணான்னு கடியாரத்துல ஒரு நேரம் இல்ல. நீங்க தூங்குற நேரமா, வீட்டுல குக்கர் விசில் அடிக்கிற நேரமா?"

அவர் யோசித்தார். "அட, ஆமா. சமையல் நேரந்தான் அக்கா. செவுத்துக்கு அந்தப் பக்கம்தான் அடுப்பு."

"அப்ப உங்க பொஞ்சாதி கொழம்புக்கும் என் மெஷினுக்கும் என்ன லஃப்டான்னு பாப்போம்."

மும்பைப் பேச்சில் லஃப்டா என்றால் வம்பு. அறையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். அவர் போன பிறகு மைமூன் என்னிடம் சொன்னார்: "சாகுற மெஷினப் பத்தி எனக்குக் கவல இல்ல அண்ணாச்சி. செத்தா எங்கிட்ட வந்துரும். சாகாம, உள்ள தப்பா எழுதிக்கிட்டே ஓடிட்டு இருக்கும் பாருங்க, அதுக்குத்தான் பயப்படுதேன்." தொழில்காரர் பேச்சு என்று கேட்டுக்கொண்டேன். அதன் முழுப் பொருளும் என் வீட்டில்தான் தெரிந்தது.

அதற்கு முன்னால் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரையும் ஊரையும் எழுதமாட்டேன். ஒரு தையல் பட்டறையில் தீப்பிடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது, பயத்தில் அவர்களே வெளியே வரத் தெரியாமல் மாட்டிக்கொண்டார்கள் என்றார் முதலாளி. அதுவே போலீஸ் கோப்பிலும் ஏறியது. எல்லோருக்கும் டீ வாங்கப் போயிருந்த இந்தப் பெண் மட்டும் தப்பினார். பல மாதங்கள் கழித்து, செய்தியாளனான என்னிடம் பேசினார். நான் பதிவு செய்தேன். முடிந்ததும், "கோர்ட்டுல போட்டுக்கோங்க சார். ஆனா இன்னொரு தடவ என்னச் சொல்லச் சொல்லாதீங்க. என்னால முடியாது," என்றார். அவர் வீட்டு வாசலில் அதற்குள் இரண்டு முறை ஆட்கள் வந்து நின்றுவிட்டுப் போயிருந்தார்கள். அந்த வாரமே மும்பையை விட்டுப் போய்விட்டார்.

விசாரணையை மறுபடி திறக்கக் கேட்டு மனுப் போடுவதாகச் செம்பூரில் இருக்கும் ஒரு வழக்கறிஞர் ஏற்றுக்கொண்டார். அவர் சொன்னபடி அந்தக் குரல் பதிவைப் பாஸ்வேர்டு போட்ட ஒரே கோப்பாக என் பழைய கம்ப்யூட்டரில் கட்டினேன். அதன் டிஸ்க்கை, மைமூன் பூட்டிக் கொடுத்த புதிய கம்ப்யூட்டரில் மாட்டி, வெவ்வேறு நாட்களில் மூன்று பிரதிகள் எடுத்தேன். ஒன்று என் புதிய கம்ப்யூட்டரில், ஒன்று என்னிடம் உள்ள பென் டிரைவில், ஒன்று வழக்கறிஞரின் பென் டிரைவில். மூன்றின் அளவும் சரியாக இருந்தது. யார் கையிலும் சிக்கக்கூடாது என்பதால் ரெக்கார்டரிலும் பழைய டிஸ்க்கிலும் இருந்ததை அழித்துவிட்டோம். மனு எழுதும் நாள் வரை யாரும் கோப்பைத் திறப்பதில்லை என்றும் முடிவு செய்தோம்.

மனு எழுதும் நாள் வந்தது. வழக்கறிஞர் போன் செய்தார். "சார், ஃபைல் திறக்க மாட்டேங்குது. பாஸ்வேர்டு எடுத்துக்குது. கொஞ்சம் போய், கெட்டுப்போச்சுன்னு சொல்லி நின்னுடுது."

என்னிடம் இருந்த இரண்டையும் திறந்து பார்த்தேன். இரண்டும் வேறு வேறு இடத்தில் நின்றன. மூன்றாவது முறை முயன்றபோது திரை நீலமாகி கம்ப்யூட்டரே அணைந்தது. அந்த மாதத்தில் அப்படி ஓரிரு முறை நடந்திருந்தது. கட்டடத்தின் மின்சாரக் கோளாறு என்று நினைத்திருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்தபடி அந்தப் பெண்ணின் முகத்தை நினைத்தேன். அவரிடம் போய் எதைச் சொல்வது, எப்படிக் கேட்பது? மைமூனை அழைத்தேன்.

மைமூன் போனில் சொன்னது ஒன்றுதான். "கைய எடுங்க. எதையும் திறக்காதீங்க, மூடாதீங்க, காப்பி பண்ணாதீங்க. பிளக்கப் புடுங்கிட்டுத் தள்ளி உக்காருங்க. நான் வாரேன்."

ஆட்டோ பிடித்துத் திலக் நகரில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். வந்ததும் பெட்டியைத் திறந்து டிஸ்க்கைக் கழற்றித் துணியில் சுற்றி என் மடியில் வைத்தார். "மொதல்ல சாட்சியக் காப்பாத்துவோம். குத்தவாளிய அப்புறம் தேடுவோம்."

குற்றவாளி இருக்கும் இடம் அவருக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். ரேம் என்று நாம் சொல்லும் மெமரிப் பட்டைகளின் அட்டை டப்பாவில் ஒரு வேகம் அச்சடித்திருப்பார்கள். சிப்பின் இயல்பான வேகம் அதைவிடக் குறைவு. அமைப்பில் ஒரு மாற்றம் செய்தால்தான் அச்சிட்ட வேகத்தில் ஓடும். அது, மற்ற பாகங்களும் உடன்பட்டால் ஓடக்கூடிய வேகமே தவிர, உறுதியான வேகம் அல்ல; பட்டைகள் கூடினால் தடுமாறலாம். ஆனால் தாராவிச் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியை ஒப்படைக்கும்போது கடைக்காரர் திரையில் அந்த எண்ணைக் காட்ட வேண்டும். வாடிக்கையாளர் அதைப் போட்டோ எடுத்துக்கொள்வார். எண் குறைந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று பேச்சு வரும். என் பெட்டியில் முதலில் இரண்டு பட்டைகள் இருந்தன. ஒலி வேலைக்குப் போதவில்லை என்றதால் மைமூன் இன்னும் இரண்டு போட்டு, நான்கையும் அச்சிட்ட வேகத்திலேயே விட்டிருந்தார். கடையில் ஓட்டிப் பார்த்துத்தான் கொடுத்தார்.

சோதனை நிரலைத் தனி பென் டிரைவிலிருந்து ஓடவிட்டார். ஒவ்வொரு பட்டையாக மாட்டிப் பார்த்தார். எல்லாம் தேறின. இரண்டிரண்டாகப் பார்த்தார். தேறின. நான்கும் சேர்ந்தும் தேறின. எனக்கு ஆறுதலாக இருந்தது. அவருக்கு இல்லை.

"நீங்க வேல பாக்குறப்ப இந்த ஜன்னல் திறந்தா இருக்கும்?"

"இல்ல, மூடித்தான் இருக்கும். எதிர்க் கட்டடத்த இடிக்கிறாங்கல்ல, ஒரே தூசி."

"ஃபேன்?"

"பேப்பர் பறக்கும்னு நிறுத்திடுவேன்."

ஜன்னலைச் சாத்தினார். ஃபேனை நிறுத்தினார். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டை மறுபடி பூட்டினார். என் வீடு கடைசி மாடி. மே மாத வெயில் மொட்டை மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. இருவரும் வியர்வையில் நனைந்து திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பிழை என்று ஒரு சிவப்பு வரி வந்தது. கீழே இன்னொன்று. பிறகு வரிசையாக வந்தன.

கம்ப்யூட்டர் நிற்கவில்லை. சத்தம் மாறவில்லை. ஒன்றை எழுதச் சொன்னால் வேறொன்றைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு, எந்தக் கூச்சமும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பத்து மாதமாக நான் எழுதிய செய்திகள், எண்கள், பெயர்கள் எல்லாம் இதன் வழியாகத்தான் போயிருந்தன.

மைமூன் வேகத்தைக் குறைத்தார். சிவப்பு வரவில்லை. ஏற்றினார். வந்தது. "வோல்டேஜக் கொஞ்சம் கூட்டுனா இதே வேகத்துல இன்னைக்குப் பாஸாயிரும். நாளைக்கு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, மறுபடி குறைத்து வைத்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

"என் கடையில ஏசி ஓடுது அண்ணாச்சி. அங்க சூடே ஏறாமத்தான் டெஸ்ட் பண்ணேன். நாலையும் அந்த வேகத்துல விட்டது நாந்தான். கெடுத்தது நாந்தான்."

"இப்ப யாருன்னு பேச வேண்டாம். குரல் திரும்ப வருமா?"

"தெரியல," என்றார். அவர் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

வழக்கறிஞரிடம் இருந்ததையும் வாங்கி, மூன்று பிரதிகளையும் எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனோம். ஒரு மூலையில் ஏதோ அலுவலகம் கழித்துப் போட்ட பழைய சர்வர் ஒன்று வைத்திருந்தார். படித்ததையெல்லாம் தானே சரிபார்த்துக்கொள்ளும் மெமரி அதில் இருந்தது. வேகம் குறைவு. அதற்கு 'மாமியார்' என்று பெயர். எதைச் சொன்னாலும் இன்னொரு தடவை கேட்குமாம். அதன் மெமரியையும் முழுதாகச் சோதித்த பிறகே கோப்புகளை அதில் வைத்தார். 

"ஒரு செய்தி வந்தா எத்தன பேருகிட்டக் கேப்பீங்க?" என்றார்.

"ரெண்டு பேராவது ஒண்ணு போலச் சொல்லணும்."

"அதேதான். மூணு காப்பியும் தனித்தனி நாள்ல எடுத்தது. மூணும் பொய் சொல்லுது, ஆனா ஒரே எடத்துல சேர்ந்து பொய் சொல்ல வாய்ப்புக் கம்மி. எங்க ரெண்டு ஒத்துப் போகுதோ அத எடுப்போம்."

முதல் பகுதி அப்படியே நடந்தது. ஓர் இடத்தில் என் கம்ப்யூட்டரில் இருந்தது தவறு, மற்ற இரண்டும் ஒத்தன. இன்னோர் இடத்தில் பென் டிரைவில் இருந்தது தவறு. திருத்திக்கொண்டே வந்தார். பிறகு கை நின்றது. வழக்கறிஞரின் பென் டிரைவ் பழுதாகியிருந்தது. அதன் கடைசிப் பகுதியைப் படிக்கவே முடியவில்லை. மிச்சம் இரண்டு பிரதிகள்தான், அவையும் சில இடங்களில் ஒன்றையொன்று மறுத்தன. கடைசிப் பகுதியில்தான் அந்தப் பெண் கதவைப் பற்றிச் சொல்லியிருந்தார்.

"இப்ப ரெண்டு சாட்சி, ரெண்டு விதமாச் சொல்லுது," என்றேன்.

"கோப்புக்குள்ள ஒரு முத்திர இருக்கு. எல்லாம் சரியா இருந்தாத்தான் திறக்கும். ஒவ்வொரு எடத்துலயும் இதப் போட்டு, அதப் போட்டு, மாத்தி மாத்திப் பாக்க வேண்டியதுதான். ரெண்டும் ஒரே எடத்துல தப்புன்னா..." என்றவர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

மாற்றிப் போட்டார். கோப்பு மறுத்தது. மாற்றினார். மறுத்தது. கீழே பட்டறையில் தோல் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மறுப்புக்கும் அவர் உதடு எதையோ முணுமுணுத்தது, அல்லாவிடம் கேட்கும் துஆவாக இருக்கலாம். நான் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் விரல்கள் நின்றன.

"கோப்பு திறந்துட்டு," என்றார்.

ஹெட்போனை என்னிடம் நீட்டிவிட்டு எழுந்து ஏணிப் பக்கம் போய் முதுகு காட்டி நின்றார். "நீங்க மட்டும் கேளுங்க. எனக்கு வேண்டாம். கேட்டா தெரிஞ்சுரும். தெரிஞ்சா, நாளைக்கு எவனாவது வந்து மெரட்டுனா முகத்துல காட்டிக் குடுத்துருவேன்."

கடைசிப் பகுதிக்குப் போய்க் கேட்டேன். "டீயோட வந்தேன் சார். கதவுல வெளிய பூட்டு தொங்குது. உள்ள கத்துறாங்க. பூட்டத் தொட்டேன், சுட்டுச்சு. இந்தாங்க, கை." ஒரு சொல்லும் குறையவில்லை. "எல்லாம் இருக்கு," என்றேன். மைமூன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடித்ததும் அவர் கேட்டது இதுதான்: "மத்தவங்க வீட்டுல?"

மறுநாளிலிருந்து கடை பந்த். தான் நான்கு பட்டைகள் போட்டுக் கொடுத்த வீடு ஒவ்வொன்றுக்கும் போனார். தாராவி, செம்பூர், கோவண்டி. வேகத்தைக் குறைத்து, வெயில் நேரத்தில் அங்கேயே சோதித்து, "தப்பு என் மேல. இதுக்கு முன்னால எடுத்து வச்சதயெல்லாம் திறந்து பாத்துக்கோங்க," என்று வாசலில் நின்று சொன்னார். உங்களில் சிலர் வீட்டுக்கும் வந்திருப்பார். சிலர் திட்டினீர்கள் என்றும் சொன்னார். அந்தச் சந்தில் தன் தப்பைத் தானே போய்ச் சொன்ன கடைக்காரரை நான் கண்டதில்லை. எதிர்க்கடை டேவிட் விடவில்லை. நாசரேத்துக்காரர், மைமூனுக்கு நெடுங்காலப் போட்டி. "என்ன மைமூன், இனிமே டப்பாவுல இருக்குற நம்பர் சும்மா அழகுக்கா?" என்று சந்தே கேட்கும்படி கத்தினார்.

"ஒன் மெஷின்ல ஜன்னலச் சாத்திட்டு ஓட்டிப் பாரு டேவிட்டு. அப்புறம் சிரி."

அவர் அன்றே ஓட்டிப் பார்த்தார் என்றும் அதன்பின் சிரிக்கவில்லை என்றும் பிறகு கேள்விப்பட்டேன்.

பயம் அதோடு முடியவில்லை. ஒட்டுப்போட்ட கோப்பு என்று எதிர்த்தரப்பு சொல்லும், யார் ஒட்டினார்கள், எப்படி என்று கேட்கும், அதை ஒட்டியவரே வந்து சொல்ல வேண்டும் என்றார் வழக்கறிஞர். தீப்பிடித்த தையல் பட்டறை முதலாளியின் ஆட்கள் மைமூன் கடைச் சந்து வழியாகத்தான் தினமும் போவார்கள். மைமூன் சொன்னார்: "பயமாத்தான் இருக்கு. வாரேன்."

இன்னொன்றும் செய்தார். ஒருவர் மட்டும் சொன்னால், ஒரே மெஷினில் மட்டும் வந்தால், அதை நம்பக்கூடாது என்பது அவர் தொழில்முறை. கெட்ட பிரதிகள் மூன்றையும் எடுத்துக்கொண்டு, வழக்கறிஞரையும் என்னையும் அழைத்துக்கொண்டு, டேவிட் கடைக்கே போனார்.

"உள்ள என்ன இருக்கு?" என்றார் டேவிட்.

"தெரியாம இருக்குறது ஒனக்கு நல்லது."

"லஃப்டாவா?"

"பெரிய லஃப்டா."

டேவிட் முறைத்தார். பிறகு தன் கம்ப்யூட்டரின் வேகத்தைக் குறைத்து, சோதித்து, வேலையைத் தொடங்கினார். மைமூன் ஒரு வார்த்தை உதவவில்லை. முடிந்ததும், கோப்பின் அடையாளமாக வரும் நீண்ட எழுத்து வரிசையை ஒவ்வொன்றாக டேவிட் படிக்க, மைமூன் தன்னுடையதோடு ஒப்பிட்டார். கடைசி எழுத்து வரை ஒன்றாக இருந்தது. கிளம்பும்போது என்னிடம் சொன்னார்: "கெட்ட மூணையும் அழிச்சிராதீங்க அண்ணாச்சி. நல்லது எப்படி வந்துச்சுன்னு அதுதான் சொல்லும்."

மைமூனின் அடக்கம் முடிந்து கபர்ஸ்தானை விட்டு வெளியே வந்தபோது டேவிட் எனக்காகக் காத்திருந்தார். கண் சிவந்திருந்தது. 

"அவ கோர்ட்டுல சொல்ல வேண்டியத யாரு சொல்லப் போறா?"

"தெரியல டேவிட்."

என்னோடு கொஞ்ச தூரம் நடந்தார். "எம் மெஷின்லயும் அதேதான வந்துச்சு. அவ ஒண்ணும் சொல்லித் தரல. நாந்தான் செஞ்சேன். அத நான் சொல்லலாம்லா?"

"சொல்லலாம். என்ன வழக்குன்னு இப்பத் தெரியுமா?"

"தெரியும். சந்துல எல்லாருக்கும் தெரியும்." நின்றார். "வீட்டுல சொல்லாதீங்க. பொண்டாட்டி பயந்துருவா. எனக்கே பயமா இருக்கு."

எனக்கும் என்றேன். அவர் தலையசைத்துவிட்டுக் கடைப் பக்கம் திரும்பினார்.

விசாரணை நாள் இன்னும் வரவில்லை. சீர்செய்த பதிவு வழக்கறிஞரிடம் இருக்கிறது. கெட்டுப்போன மூன்று பிரதிகளும் பத்திரமாக என்னிடம் இருக்கின்றன. மைமூனிடமிருந்து எனக்கு வந்தது அவை மட்டுமல்ல. இத்தனை ஆண்டு செய்தி எழுதியும், சத்தமில்லாமல் ஓடும் எதையும் நான் நம்பிவிடுகிறவனாகவே இருந்தேன். இப்போது நம்புவதில்லை. அனுப்பிய கட்டுரையை மறுபடி திறந்து, எண்ணையும் பெயரையும் விரல் வைத்துப் பார்க்கிறேன். பார்க்கும்போது ஒரு பயம் வரும். அதைப் போக்கிக்கொள்ள நான் முயல்வதில்லை. நீதிமன்றப் படியில் டேவிட்டோடு ஏறும் நாளிலும் அது இருக்கும். மைமூனும் பயந்தார், பயத்தை முதலில் சொல்லிவிட்டு, அதன் பிறகே வருகிறேன் என்று சொன்னார். நானும் அப்படியே, முதலில் பயத்தைச் சொல்லிவிட்டுத்தான் போகப் போகிறேன்.